ரெண்டு பிளஸ்

போன ஐப்பசி அடைமழையில், மர்ஃபி டவுன் வீட்டு அடுக்களையில் வைத்துச் சித்தி ஒரு கேள்வி கேட்டாள். ஒரு கையில் கரண்டி. இன்னொரு கையில், பிளாஸ்டிக் உறையிலிருந்து பாதி உருவிய பயாப்சி ரிப்போர்ட். "ஏன்டி, புரோட்டீன் அளக்குறதுதான் என் வேலைன்னு சொல்லிட்டுத் திரியுவியே, இங்க ரெண்டு பிளஸ்ஸுன்னு போட்டிருக்கான் பாரு. அது நல்லதா கெட்டதா?" வாங்கிப் பார்த்தேன். மார்பகக் கட்டி. ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் பாசிட்டிவ். அதற்கடுத்த வரியில் ஹெர்-2 என்ற புரதம், ஐஹெச்சி (சாயமேற்றிப் பார்க்கும் சோதனை) மதிப்பு 2+. பக்கத்திலேயே ஆங்கிலத்தில் 'ஈக்விவோகல்' என்று ஒரு சொல். நம்ம ஊர்ப் பேச்சில் இரண்டுங்கெட்டான்.

"நல்லதுன்னும் சொல்ல முடியாது, கெட்டதுன்னும் சொல்ல முடியாது சித்தி. ஃபிஷ்னு இன்னொரு டெஸ்ட் எடுப்பாங்க. அப்பத்தான் தெரியும்." சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வெள்ளிக்கிழமை அதுவுமா மீனு கீனுங்காதே" என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரசம் நுரைகட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு உள்ளே காது கொடுத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

அன்றிரவு பஸ்ஸில் ஹெப்பாள் பக்கம் திரும்பி வரும்போது என்னை உறுத்தியது சித்தியின் பார்வை இல்லை. அந்தச் சொல். பெங்களூரின் வடக்கு ஓரத்தில் ஓர் ஆய்வகத்தில் ஆறு வருஷமாகப் புரதம் அளக்கிறேன். எத்தனையோ ஜெல், எத்தனையோ மெம்பிரேன், நாலு தடிமனான நோட்டு. அதில் ஒரு பக்கத்தில்கூட 'ஈக்விவோகல்' என்று நான் எழுதியதில்லை. கூடியது, குறைந்தது, மாறவில்லை. இந்த மூன்றுதான் எழுதியிருக்கிறேன். சொல்ல முடியாது என்று எழுத எனக்கு இடமே இருந்ததில்லை. அப்படியென்றால் ஆஸ்பத்திரிக்காரர்களைவிட நான் துல்லியமாக அளக்கிறேனா? அப்படியும் தோன்றவில்லை. கிட்டத்தட்ட ஒரு வருஷமாக இதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். எழுதினாலாவது அடங்குகிறதா பார்க்கலாம்.

கருப்புப் பட்டையின் எண்

வெஸ்டர்ன் பிளாட் என்பது என்ன என்று இங்கே வகுப்பு எடுக்கப் போவதில்லை. செய்தவர்களுக்குத் தெரியும், செய்யாதவர்களுக்கு இதுபோதும்: செல்லை உடைத்து, உள்ளே இருக்கும் புரதங்களை ஜெல்லில் எடை வாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்கிற ஒரு வெள்ளைத் தாளில் ஒற்றி எடுத்து, நமக்கு வேண்டிய ஒரு புரதத்தை மட்டும் ஆன்டிபாடியை விட்டுத் தேடச் சொல்கிறோம். கிடைத்த இடத்தில் ஒளி வரும். அது படத்தில் ஒரு கருப்புப் பட்டையாக விழும். பட்டை கருத்தால் புரதம் அதிகம். பெயர்க்கதை எல்லோரும் சொல்வதுதான். டிஎன்ஏவை இப்படி ஒற்றி எடுக்கும் முறையை 1975-இல் எழுதியவர் பெயர் எட்வின் சதர்ன். அந்தப் பெயரைத் திசையாக்கி ஆர்என்ஏவுக்கு நார்தர்ன் என்றார்கள். 1981-இல் நீல் பர்னெட், மேற்கு அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு, புரதத்துக்கு வெஸ்டர்ன் என்று வைத்தார். சதர்னின் பெயரில் ஆரம்பித்த விளையாட்டு இன்று எங்கள் எல்லோருக்கும் மூன்று நாள் வேலை.

மூன்று நாள் வேலை முடிந்தபின் நடப்பதுதான் எனக்கு இன்றுவரை வேடிக்கையாக இருக்கிறது. படத்தை இமேஜ்-ஜே மென்பொருளில் திறப்போம். பட்டையைச் சுற்றி மவுஸால் ஒரு கட்டம் போடுவோம். மென்பொருள் ஒரு மலைச் சிகரம் மாதிரி கோடு வரைந்து காட்டும். சிகரத்தின் அடிவாரத்தில், இங்கிருந்து இங்குவரை என்று, நாமே ஒரு கோடு இழுத்து மூட வேண்டும். அந்த அடிக்கோட்டை எங்கே இழுப்பது என்பதற்குப் பெரிய சாத்திரம் ஒன்றும் கிடையாது. என் கை, என் கண், அன்றைக்கு எத்தனை காபி குடித்திருக்கிறேன் என்பது. இழுத்து மூடியதும் மென்பொருள் ஒரு பரப்பளவு தரும்: 17438.291. புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம்! என் கை நடுக்கத்தைக் கோலம்போல் அலங்கரித்துத் திருப்பித் தருகிறது என்று நினைத்துக்கொள்வேன். பிறகு அதைக் காப்பி செய்து எக்செல்லில் ஒட்டிவிடுவேன்.

இந்த அளக்கும் வேலை சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். 2014-இல் நேச்சர் இதழ், அதுவரை வந்த ஆய்வுக் கட்டுரைகளில் மற்றவர்களால் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்டவை எவை என்று ஒரு பட்டியல் போட்டது. முதல் இடத்தில் ஐன்ஸ்டைனும் இல்லை, டிஎன்ஏவின் இரட்டைச் சுருளும் இல்லை. முதலில் வந்தது 1951-இல் லௌரி எழுதியது: குழாயில் மொத்தம் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை. இரண்டாவது 1970-இல் லெம்லி எழுதியது, இன்றும் நாங்கள் ஓட்டுகிற அதே ஜெல். மூன்றாவது 1976-இல் பிராட்ஃபோர்டு, நீலச் சாயம் ஊற்றி மொத்தப் புரதத்தை அளக்கும் இன்னொரு வழி. லௌரியை மட்டும் அதற்குள் மூன்று லட்சம் முறைக்குமேல் மேற்கோள் காட்டியிருந்தார்கள். உலகத்திலேயே அதிகம் பேர் கும்பிடும் மூன்று கட்டுரைகளும் புரதத்தைப் பிரிக்கும், அளக்கும் கட்டுரைகள். ஆனால் ஒரு கருத்தரங்கில் போய், நீங்கள் எப்படி அளந்தீர்கள் என்று எழுந்து கேட்டுப் பாருங்கள். கேண்டீனுக்குப் போகிற வழியை மறித்த ஆளைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார்கள்.

நாங்கள் கட்டுரையின் வரைபடத்தில் போடும் ஒவ்வொரு கம்பமும் உண்மையில் ஒரு வகுத்தல் கணக்கு. மேலே எங்களுக்கு வேண்டிய புரதத்தின் பட்டை. கீழே 'லோடிங் கன்ட்ரோல்' என்கிற இன்னொரு புரதத்தின் பட்டை. ஜெல்லின் ஒரு குழியில் கொஞ்சம் அதிகம் ஊற்றியிருப்போம், இன்னொன்றில் குறைத்திருப்போம். கை வேலைதானே. அந்தத் தப்பைச் சரிக்கட்ட, எல்லாச் செல்லிலும் எப்போதும் ஒரே அளவில் இருக்கும் என்று நம்பப்படுகிற ஒரு புரதத்தால் வகுத்துவிடுவோம். ஆக்டின், ட்யூபுலின், அப்புறம் எங்கள் ஆய்வகத்தின் குலதெய்வமான ஜிஏபிடிஹெச். எல்லோரும் கேப்டிஹெச் என்றுதான் சொல்வோம். சீனியர் அக்கா ஒருத்தி அந்த ஆன்டிபாடியை ஒரு லிட்டர் வாங்கி வைத்தாலும் தீர்ந்துவிடும் என்பாள்.

அந்த அக்காவின் மெம்பிரேன்களில் கேப்டிஹெச் எப்போதும் அச்சில் வார்த்தது போல இருக்கும். ஆறு குழியிலும் ஒரே கருப்பு, ஒரே தடிமன். புதிதாகச் சேர்ந்தபோது அதைப் பார்த்து ஏங்கியிருக்கிறேன். அவள் கை அவ்வளவு சுத்தம் என்று நினைத்தேன். விஷயம் வேறு என்று பின்னால் புரிந்தது. எங்கள் ஆயா நெல் அளக்கும்போது இரண்டு வழி வைத்திருந்தாள். கூலிக்குக் கோபுரம் கட்டி அளப்பாள், கடன் கொடுக்கும்போது தலை தட்டி அளப்பாள். தலை தட்டிவிட்டால் எந்தக் குவியலிலிருந்து மொண்டாலும் படி ஒன்றுதான். வழிந்தது கணக்கில் வராது. கேப்டிஹெச் செல்லில் அவ்வளவு கொட்டிக் கிடக்கிறது. குழிக்கு 40 மைக்ரோகிராம் ஏற்றி, அதிக நேரம் ஒளியைப் பிடித்தால், படமெடுக்கும் கருவியின் படி நிரம்பி வழிந்துவிடும். அப்புறம் உள்ளே இரண்டு மடங்கு இருந்தாலும் பட்டை ஒன்றுபோலத்தான் தெரியும். அக்காவின் அழகான பட்டைகள் எல்லாம் தலை தட்டிய படிகள். அவளிடம் இதைச் சொன்னதில்லை. இப்போது பாஸ்டனில் இருக்கிறாள்.

ஒரு ரோஜா நிறம்

என் கேள்வி எளிமையானது. புற்றுச் செல்களுக்கு ஆக்சிஜனைக் குறைத்தால் (காற்றில் 21 சதவீதம் இருப்பதை 1 சதவீதமாக) எங்கள் புரதம் என்ன ஆகிறது? அதன் பெயர் வேண்டாம், இன்னும் வெளியாகவில்லை. ஒரு நாள் முழுக்க மூச்சுத் திணற வைத்து, உடைத்து, ஜெல் ஓட்டினேன். மூன்று முறை. சாதாரணக் காற்றில் இருந்ததை 1 என்று வைத்துக்கொண்டால், ஆக்சிஜன் குறைந்தபோது 0.58, 0.66, 0.61. மூன்றும் ஒரே பக்கம் சாய்கின்றன. பி-மதிப்பு 0.05-க்கு வெகு கீழே, அதாவது தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாது. அதற்கு அடையாளமாகக் கம்பத்துக்கு மேல் ஒரு நட்சத்திரம் போட்டேன். கைடு அந்த நட்சத்திரத்தைப் பார்த்து நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்தார். அது அவருடைய சந்தோஷம்.

அந்தப் படங்களில் கேப்டிஹெச் பட்டைகள் நிரம்பி வழியவில்லை. அக்காவின் பாவம் எனக்கு வேண்டாம் என்று நான் குறைந்த நேரமே ஒளி பிடித்தேன். அதனால் ஒன்று தெரிந்தது: ஆக்சிஜன் குறைந்த குழிகளில் கேப்டிஹெச் கொஞ்சம் கூடுதலாகக் கருத்திருந்தது. மூன்று முறையும். நான் என்ன நினைத்தேன் என்றால், அந்தக் குழிகளில் கை கொஞ்சம் அதிகம் ஊற்றிவிட்டது, அதற்குத்தானே வகுக்கிறோம், வகுத்தால் சரியாகிவிடும். கைடும் அப்படித்தான் நினைத்தார். லேப் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்த பதினொரு பேரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஒரே பக்கமாக மூன்று முறை எப்படிக் கை தப்பும் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

சித்தி கேட்டதற்கு நாலாம் நாள் ராத்திரி. மெம்பிரேன் கழுவலில் இருந்தது, பத்து பத்து நிமிஷமாக மூன்று முறை. வெளியே கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் ஒரு முறை போய், ஜெனரேட்டர் உறுமி, திரும்ப வந்தது. அந்த நேரத்தில் புனேயிலிருந்து தம்பி, சித்தியின் மகன், மெசேஜ் போட்டான்: அக்கா, அம்மா ரிப்போர்ட்டை மறுபடி அனுப்பு, யாரோ டாக்டரிடம் காட்ட வேண்டும். போனின் கேலரியில் தேடினேன். கையுறையைக் கழற்றிவிட்டு, விரலால் தள்ளித் தள்ளி. சித்தியின் ரிப்போர்ட்டைத் தாண்டிப் போய்விட்டேன். அதற்கு முன்னால் வரிசையாக ரோஜா நிறப் படங்கள். முதலில் என்னவென்றே புரியவில்லை. அப்புறம் புரிந்தது. பொன்சோ.

ஜெல்லிலிருந்து மெம்பிரேனுக்குப் புரதம் ஒழுங்காக ஒற்றியதா என்று பார்க்க, பொன்சோ என்ற சிவப்புச் சாயத்தில் ஒரு நிமிஷம் முக்குவோம். குழியில் ஏற்றிய எல்லாப் புரதமும் செங்கோடுகளாகத் தெரியும். நடுவில் காற்றுக்குமிழி மாட்டியிருந்தால் வெள்ளையாக ஒரு வட்டம் விழும். பார்த்துவிட்டுத் தண்ணீரில் அலசினால் நிறம் போய்விடும். அதற்கப்புறம்தான் பால்பொடிக் கரைசல், ஆன்டிபாடி எல்லாம். சமையலில் உப்புப் பார்ப்பது மாதிரி. யாரும் அதைக் கட்டுரையில் போடுவதில்லை, நோட்டில் ஒட்டுவதும் இல்லை. எங்கள் டெக்னீஷியன் அண்ணன் மட்டும் நான் சேர்ந்த முதல் மாதமே சொல்லியிருந்தார். அல்சூரில் பிறந்து வளர்ந்தவர், ஜெல் ஓட்டி இருபது வருஷம். "கழுவுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ புடிச்சு வெச்சுக்கோங்கம்மா. காசா பணமா? நாளைக்கு யாரனா கேட்டா காட்டலாம்." அவர் சொன்னதற்காகப் பிடித்து வைத்தேனே தவிர, அதை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

அன்றைக்குப் பார்த்தேன். ஆறு குழிகள். மூன்று சாதாரணக் காற்று, மூன்று ஆக்சிஜன் குறைவு. மேலிருந்து கீழ்வரை செங்கோடுகள். ஆறும் ஒரே நிறம். இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினேன். போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். இன்னொரு நாளின் படம், இன்னொன்று. என் கை எங்குமே தப்பவில்லை. ஆறு குழியிலும் ஒரே அளவுதான் ஊற்றியிருந்தேன். அப்படியென்றால் கேப்டிஹெச் மட்டும் ஏன் மூன்று குழியில் கருத்திருக்கிறது? டைமர் அடித்தது. எழுந்துபோய் அதை நிறுத்தினேனே தவிர, கழுவும் தண்ணீரை மாற்றவில்லை. மெம்பிரேன் அப்படியே கிடந்து ஆடிக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். கேப்டிஹெச் என்பது தராசில் வைக்கும் எடைக்கல்லாகப் பிறந்தது இல்லை. அது ஒரு நொதி. சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும் பாதையில் ஆறாவது படியில் உட்கார்ந்து வேலை பார்ப்பது. ஆக்சிஜன் குறைந்தால் செல் என்ன செய்யும்? மைட்டோகாண்ட்ரியாவை நம்பி இருக்க முடியாது, சர்க்கரையை இன்னும் வேகமாக உடைத்தாக வேண்டும். அதற்கான நொதிகளை எல்லாம் கூட்டும். கேப்டிஹெச்சும் சேர்ந்து கூடும். பல வகைச் செல்களில் இப்படி ஆகிறது என்று 1990-களிலேயே எழுதிவிட்டார்கள். நான் எம்.எஸ்சி.யில் அந்தப் பாதையை மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். ஒரு மண்டைக்குள் அந்த நொதி ஒரு அறையிலும், லோடிங் கன்ட்ரோல் இன்னொரு அறையிலும் ஆறு வருஷம் குடியிருந்தன. நடுச்சுவரில் ஒரு ஜன்னல்கூட இல்லை.

போன் படத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது. விளக்கு நிழல், சாய்ந்த கோணம், போன் தானாகச் செய்யும் அழகுபடுத்தல். அதனால் அடுத்த மூன்று வாரம் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினேன். இம்முறை பொன்சோவை ஒழுங்காக ஸ்கேன் செய்து, ஒவ்வொரு குழியின் மொத்தச் சிவப்பையும் கூட்டி, அதனால் வகுத்தேன். 0.94, 1.05, 0.98. எங்கள் புரதம் அசையவே இல்லை. அசைந்தது அடியில் இருந்த எண். நட்சத்திரம் எங்கள் புரதத்துக்கு விழுந்ததில்லை, கேப்டிஹெச்சுக்கு விழுந்தது.

கைடிடம் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எழுதச் சுலபமாக இருந்திருக்கும். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "சரி, ட்யூபுலின் போட்டுப் பாரேன்" என்றார். போட்டுப் பார்த்தேன். 0.8 சொச்சம் வந்தது. ஆக்டின் அன்றைக்கு ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி. "ட்யூபுலினில் ஒரு டிரெண்ட் இருக்கு இல்ல?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. நாலு வருஷத்து கிராண்ட், ரெண்டு மாணவர்களின் சம்பளம், ஒரு பாதி எழுதிய கட்டுரை எல்லாம் அந்தக் கம்பத்தில் சாய்ந்துகொண்டிருந்தன. ஆனால் அன்றைக்கு ஒன்று பட்டது. மேலே இருக்கும் எண்ணைத் திருத்தினால் அது மோசடி, வேலை போகும். கீழே இருக்கும் எண்ணை நமக்குத் தோதாகத் தேர்ந்தெடுத்தால் அதற்குப் பெயர் 'ஆப்டிமைஸ்' செய்வது. மோசடியைப் பிடிக்க இன்று கண்கொத்திப் பாம்பாகப் பலர் இருக்கிறார்கள். எலிசபெத் பிக்கும் அவருடன் இருவரும் 20,621 கட்டுரைகளின் படங்களைக் கண்ணாலேயே அலசி, 3.8 சதவீதத்தில் பிரச்சினை என்று 2016-இல் எழுதினார்கள். ஒரே பட்டையை இரண்டு இடத்தில் ஒட்டியது, திருப்பிப் போட்டது, இப்படி. என் படத்தை அவர்களிடம் கொடுத்திருந்தால் மாசு மருவற்ற படம் என்று திருப்பித் தந்திருப்பார்கள். படத்தில் பொய்யே இல்லையே.

சொல்ல முடியாது என்பதற்கு ஒரு கட்டம்

ஃபிஷ் முடிவு வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும், பகலில் ஜெல் ஓட்டிக்கொண்டு, ராத்திரியில் ஹெர்-2 எப்படி அளக்கிறார்கள் என்று படித்துக்கொண்டிருந்தேன். சித்திக்காக என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்காக. படிக்கப் படிக்கப் பொறாமையாக இருந்தது.

கட்டியின் மெல்லிய சீவலில் ஆன்டிபாடி ஊற்றினால், ஹெர்-2 இருக்கும் செல்களின் ஓரம் பழுப்பாகும். நோயியல் மருத்துவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து நாலில் ஒன்று சொல்ல வேண்டும். 0, 1+, 2+, 3+. அவ்வளவுதான். புள்ளிக்குப் பின் இலக்கம் கிடையாது. பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட புற்றுச் செல்களில், செல்லைச் சுற்றி முழு வளையமாக, அழுத்தமான பழுப்பு இருந்தால் 3+. அதற்கு 1998-இல் வந்த டிராஸ்டுசுமாப் போன்ற மருந்து உண்டு. 0, 1+ என்றால் அந்த மருந்து இல்லை. நடுவில் 2+: முழு வளையம்தான், ஆனால் நிறம் மங்கல். அந்த இடத்தில் கண்ணை நம்பாதே, ஜீனை எண்ணு என்று விதியே எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னாலும் விதிகள். வெட்டி எடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மேல் போகாமல் ஊற வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு குழாய் ஐஸில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று கேட்டால், "லஞ்சுக்கு முன்னாடிதான் வெச்சேன்" என்பதுதான் பதில்.

ஃபிஷ் பற்றிப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஹெர்-2 ஜீன் 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. ஜீனுக்கு ஒரு நிறத்தில் ஒளிப்புள்ளி, அந்தக் குரோமோசோமின் மையத்துக்கு இன்னொரு நிறத்தில். குறைந்தது 20 செல்களில் இரண்டையும் எண்ணி, ஒன்றை இன்னொன்றால் வகுக்கிறார்கள். வகுத்தல்! அடியில் ஒரு எண்! 17-ஆம் குரோமோசோமின் மையம்தான் அவர்களுடைய கேப்டிஹெச். சில கட்டிகளில் அந்த மையப் புள்ளிகளும் பெருகிவிடும், அப்போது விகிதம் பொய்யாகக் குறைந்து காட்டும். இது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. அதனால் விகிதத்தை மட்டும் பார்க்காதே, ஹெர்-2 பிரதிகள் சராசரி எத்தனை என்று தனியாகவும் பார் என்கிறார்கள். விகிதம் 2-க்குக் கீழே இருந்தாலும், பிரதிகள் 6-ஐத் தொட்டுவிட்டால், நெகட்டிவ் என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. திரும்ப ஸ்லைடைப் பார்க்க வேண்டும். அடியில் இருக்கும் எண்ணை ஒருவர் சந்தேகப்பட்டு, அந்தச் சந்தேகத்தை விதியாக்கி அச்சடித்திருக்கிறார். ராத்திரி ஒரு மணிக்கு அதை இரண்டு முறை படித்தேன்.

ஆஸ்பத்திரி அளவு உத்தமம், ஆய்வக அளவு மோசம் என்று சொல்ல வரவில்லை. 2022-இல் ஒரு சோதனை முடிவு வந்ததிலிருந்து, ஹெர்-2 கொஞ்சமாக இருப்பவர்களுக்கும் பரவிய நிலையில் ஒரு புதிய மருந்து உதவுகிறது என்று ஆகிவிட்டது. அதாவது 1+ஆ 0-வா என்பது இப்போது முக்கியம். 3+ஐக் கண்டுபிடிப்பதற்காகச் செய்த பரிசோதனையிடம், மங்கலுக்கும் அதைவிட மங்கலுக்கும் வித்தியாசம் சொல் என்று கேட்கிறார்கள். ஒரே ஸ்லைடைப் பார்த்து ஒரு மருத்துவர் 0 என்பார், இன்னொருவர் 1+ என்பார். கீழ்ப்படியில் அவர்களும் எங்களைப்போலத் தடுமாறுகிறார்கள்தான். ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே தப்பாகச் சொன்னால் அந்தப் பக்கம் ஒரு சித்தி இருக்கிறாள். இந்தப் பக்கம் என் கம்பத்தின் பின்னால் யாரும் இல்லை. அதாவது உடனடியாகக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி யாரும் இல்லை.

அதைவிட அடிப்படையான கேள்வியை நாங்கள் கேட்பதே அபூர்வம்: ஆன்டிபாடி தேடச் சொன்ன புரதத்தைத்தான் பிடிக்கிறதா? 65 புரதங்களுக்கு விற்பனையில் இருக்கும் 614 ஆன்டிபாடிகளை, அந்தப் புரதமே இல்லாத செல்களோடு ஒப்பிட்டு ஒரு குழு சோதித்தது. பாதிக்கு மேல் ஏதோ ஒரு பயன்பாட்டில் தோற்றன. நூறு மைக்ரோலிட்டர் குப்பி, நாற்பதாயிரம் ரூபாய், ஆர்டர் போட்டு இரண்டு மாதம் காத்திருப்பு, உலர் பனிக்கட்டி உருகுவதற்குள் ஏர்போர்ட்டிலிருந்து எடுத்துவர நூறு போன். அப்படி வந்து சேர்ந்த குப்பியை முதல் வேலையாகச் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்? குழந்தை வரம் கேட்டுப் பெற்றது மாதிரி ஃப்ரீசரில் வைத்துக் கொண்டாடுகிறோம்.

எங்கள் அடுத்த லேப் மீட்டிங்கில் நான் மூன்று கம்பங்களையும் ஒரே ஸ்லைடில் போட்டேன். கேப்டிஹெச்சால் வகுத்தது, ட்யூபுலினால் வகுத்தது, மொத்தப் புரதத்தால் வகுத்தது. ஒரே மெம்பிரேன், மூன்று பதில். கடைசி வரிசையிலிருந்து புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், "அப்ப எது கரெக்ட் அக்கா?" என்றான். பொன்சோதான் என்றேன். இந்தக் கேள்விக்கு அதுதான் என்றும் சேர்த்துச் சொன்னேன். வேறு கேள்விக்கு வேறாக இருக்கலாம். கைடு ஒன்றும் சொல்லவில்லை. மறுவாரம் பொதுச் செலவில் ஒரு லிட்டர் பொன்சோவும், மெம்பிரேன் ஸ்கேன் செய்ய ஒரு பழைய ஸ்கேனரும் மேஜைக்கு வந்து சேர்ந்தன. அவருடைய மன்னிப்பு அந்த வடிவத்தில்தான் வரும். டெக்னீஷியன் அண்ணன் ஸ்கேனரைத் துடைத்துக்கொண்டே, "போட்டோ புடிங்கன்னு சொன்னேனா இல்லியா?" என்றார். கட்டுரை இன்னும் பாதியில்தான் நிற்கிறது. 'மாறவில்லை' என்ற முடிவை எந்த இதழ் வாங்கும் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.

சித்தியின் விகிதம் 1.3. ஹெர்-2 பிரதிகள் சராசரி 2.5, மையப் புள்ளிகள் 1.9. நெகட்டிவ். அறுவை முடிந்தது, கதிர்வீச்சு முடிந்தது, இப்போது ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் ஒரு மாத்திரை. போன மாதம் போயிருந்தபோது ஃபாலோ-அப்புக்கு எடுத்துப் போக வேண்டிய காகிதங்களை எடுக்கச் சொன்னாள். ஜவுளிக்கடை மஞ்சப்பையில் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தாள். ஆங்கிலம் சித்தப்பாவுக்குத் தகராறு. அதனால் ஒவ்வொரு ரிப்போர்ட்டின் மேல் ஓரத்திலும் பால்பாயின்ட் பேனாவில் தமிழில் ஒரு வரி. ரத்தம், சரி. நெஞ்சு ஸ்கேன், சரி. ஃபிஷ்ஷில் '1.3' என்பதைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் 'இல்லை'. அதற்கு அடியில் இருந்தது அந்த ஐப்பசி மாதத்துத் தாள். 2+ என்ற இடத்தில் ரசம் தெறித்த கறை. மேலே சித்தியின் குண்டு குண்டான எழுத்தில், 'தெரியல. மறுபடி டெஸ்ட்.'